செண்டாயிலிருந்து பதில் வரவில்லை

கென்ட், பெல்ஜியம்
9 நவம்பர் 1971

அன்புத் தங்கை கினுகோவுக்கு,

அக்கா சுகமாக இருக்கிறேன். அப்பாவும் நீயும் எப்படி இருக்கிறீர்கள்? நீ அனுப்பிய காய்ந்த காளானும் கடற்பாசியும் நனையாமல் வந்து சேர்ந்தன. என் வீட்டுக்காரி கோடலீவ் அம்மாள் பொட்டலத்தை மோந்து பார்த்துவிட்டு, "இது சாப்பிடவா, இல்ல பூந்தொட்டிக்குப் போடவா?" என்று கேட்டாள். சூப் வைத்துக் கொடுத்தேன். கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. இனிமே எனக்கு எடுத்து வைக்க வேண்டாம்" என்றாள். இந்த ஊரில் மனத்தில் உள்ளதை அப்படியே சொல்லிவிடுகிறார்கள். வந்த புதிதில் சுருக்கென்று இருந்தது. இப்போது பழகிவிட்டது.

வேலை விஷயம் சொல்கிறேன். உதவித்தொகைக் காலம் முடிந்ததும் ஊட்ரைவ் அருங்காட்சியகத்தில் என்னை எடுத்துக்கொண்டார்கள். ஆனால் இந்த ஊரின் பழைய பிளெமிஷ் ஓவியங்களுக்கு அல்ல, கிழக்கு நாட்டுப் பொருள்கள் இருக்கும் கீழைப் பிரிவுக்கு. மூன்று அறைகள், நிறைய அரக்குப் பெட்டிகள், வாள்கள், யாரோ ஒரு பிரபு கப்பலில் வாங்கிவந்த தேநீர்க் கிண்ணங்கள். இயக்குநர் டாக்டர் ஹெய்லனிடம், "நான் படித்தது உங்கள் ஊர் பலகை ஓவியங்கள். அரக்குப் பெட்டி பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது" என்றேன். அவர் சிரித்துக்கொண்டு, "அதெல்லாம் உங்க ரத்தத்துலயே இருக்கும் மேடம். ஒரு வருஷம் பாத்துக்குங்க. மேல் மாடி ஓவியப் பிரிவுல இடம் காலியானதும் உங்களுக்குத்தான்" என்றார். ஒரு வருடம்தானே. இந்த வேலை இருந்தால்தான் இங்கே தங்க அனுமதிச் சீட்டும் கிடைக்கும்.

இன்னொரு தலைவலி. மார்ச்சில் கொடையாளர்களுக்கு ஒரு விருந்து நடக்கிறது. அதில் நான் கிமோனோ உடுத்தித் தேநீர்ச் சடங்கு செய்து காட்ட வேண்டுமாம். பள்ளியில் ஆறு வாரம் கற்றது, கடைசி வாரம் கால் மரத்துப்போய்க் கெட்டிலோடு விழுந்தது, உனக்கு நினைவிருக்கும். அம்மாவின் சாம்பல் நிறக் கிமோனோவையும் உன் பாடப் புத்தகத்தையும் அனுப்பி வை. படம் போட்ட புத்தகமாக இருந்தால் நல்லது.

அப்பாவிடம், மகள் ஒரு பிரிவுக்கே பொறுப்பாளர் ஆகிவிட்டாள் என்று சொல். அது பொய் இல்லை. அந்தப் பிரிவில் என்னைத் தவிர வேறு ஆள் இல்லை.

உன் அன்பு அக்கா,
மிட்சுயோ


மட்சுமோட்டோ
14 டிசம்பர் 1971

அன்புள்ள அக்காவுக்கு,

கிமோனோவும் புத்தகமும் தனிப் பார்சலில் வருகின்றன. இடுப்புப் பட்டையைத் தனியாகக் கட்ட முடியாது, கோடலீவ் அம்மாளிடம் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ளச் சொல். மூச்சு முட்டினால் சரியாகக் கட்டியிருக்கிறாய் என்று அர்த்தம்.

உன் கடிதத்தை நான் படித்து முடிப்பதற்குள் அப்பா வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். முடி வெட்டக் கிளம்பிவிட்டார், போன வாரம்தான் வெட்டியிருந்தார். முடிதிருத்துபவர் வந்து என்னிடம் சொல்கிறார்: "உங்கப்பா நாற்காலில உக்காந்ததும் ஆரம்பிச்சுட்டாரும்மா. 'எம் பொண்ணு வெள்ளைக்காரனுக்கே அவன் படத்தை விளக்கிச் சொல்றா'ன்னு. கத்தரிக்கோல் எடுக்கவே விடல." நாற்பது வருடம் ரயில் நிலையத்தில் யாரிடமும் பேசாமல் கொடி ஆட்டிய மனிதர். எல்லாப் பேச்சையும் சேர்த்து வைத்திருந்தார் போலிருக்கிறது.

குடிநீர் அலுவலகத்தில் எனக்கு வேலை எப்போதும்போல. புதிதாக ஓகிஹாரா என்று ஒருவர் மாற்றலாகி வந்திருக்கிறார், கணக்கீட்டுப் பிரிவு. தினமும் ஒரு ஆப்பிள் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டு, "எங்க தோட்டத்துது" என்கிறார். அதற்கு மேல் வார்த்தை வருவதில்லை. அவர் அடுத்த வாக்கியத்தைச் சொல்வதற்குள் ஆப்பிள் அழுகிவிடும். சிரிக்காதே, தினமும் தின்றுவிடுகிறேன்.

குளிர் அதிகம். உள்ளே கம்பளிக் காலுறை போட்டுக்கொள்.

உன் தங்கை,
கினுகோ


கென்ட்
2 மார்ச் 1974

அன்புள்ள கினுகோ,

இந்தக் கடிதத்தை அப்பாவிடம் காட்டாதே. அவருக்கென்று தனியாக ஒரு தாள் வைத்திருக்கிறேன்.

ஒரு வருடம் என்றவர்கள் இரண்டரை வருடமாகக் கீழேயே வைத்திருக்கிறார்கள். மேல் மாடியில் இடம் காலியானது. பிரஸ்ஸல்ஸிலிருந்து ஓர் இளைஞரைப் போட்டார்கள். நான் போய்க் கேட்டதற்கு டாக்டர் ஹெய்லன், "உங்களை அங்க மாத்திட்டா கீழைப் பிரிவுக்கு யார் இருக்கா? நீங்க எங்க கண்மணி" என்றார். கண்மணியைக் கண்ணுக்குள் வைத்துப் பூட்டிவிடுவார்கள் போலிருக்கிறது.

அதுகூடப் பரவாயில்லை. சென்ற கோடையில், வேலை முடிந்த நேரங்களில், மேல் மாடியில் இருக்கும் அன்னாள் பீடம் என்ற பழைய தேவாலய ஓவியத்தின் இரண்டு கதவுப் பலகைகளை அகச்சிவப்பு ஒளியில் படம் எடுக்க அனுமதி வாங்கினேன். அப்படிப் படம் எடுத்தால் வண்ணத்துக்கு அடியில் ஓவியன் முதலில் போட்ட கோடுகள் தெரியும். இரண்டு பலகையும் ஒரே கை என்று நூறு வருடமாகச் சொல்லி வருகிறார்கள். இடது பலகையில் துணி மடிப்புக்குப் போட்ட நிழல் கோடுகள் ஒரு பக்கம் சாய்கின்றன, வலது பலகையில் எதிர்ப்பக்கம். வலது பலகையை வரைந்தவன் இடக்கைக்காரன். பார்த்த நொடியில் தெரிந்தது. அப்பா சோற்றுக் குச்சியால் தட்டித் தட்டி என்னை வலக்கைக்கு மாற்றினாரே, என்னுடைய அந்த இடக்கைக்குத்தான் முதலில் தெரிந்தது.

முப்பது பக்கம் எழுதி டாக்டர் ஹெய்லனிடம் படிக்கக் கொடுத்தேன். பிப்ரவரியில் கட்டுரை அச்சாகி வந்தது, அவர் பெயரில். முதல் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில், "படங்கள் எடுப்பதில் உதவிய மிஸ் ஹிராபயாஷிக்கு நன்றி." நான் கேட்டேன், கினுகோ. அவருக்கு நிஜமாகவே ஆச்சரியம். "உங்க பேரைப் போட்டிருக்கேனே மேடம். பாக்கலையா? அடில இருக்கு."

அன்று பிற்பகல் அரக்குப் பெட்டிகளைத் துடைத்தேன். நாற்பத்திரண்டு பெட்டிகள். எல்லாவற்றையும் துடைத்து முடித்து மறுபடி முதல் பெட்டியிலிருந்து துடைத்தேன்.

நான் ஊருக்கு வரப்போகிறேன். செண்டாய்ப் பல்கலைக்கழகத்தில் ஐரோப்பிய ஓவிய வரலாற்றுக்கு விரிவுரையாளர் வேண்டும் என்று அறிவித்திருந்தார்கள். என் முப்பது பக்கத்தையும் சேர்த்து விண்ணப்பித்துவிட்டேன். கோடலீவ் அம்மாளின் வீட்டை இடிக்கப்போகிறார்கள், நான் எங்கே குடிபோவேன் என்று தெரியாததால் மட்சுமோட்டோ முகவரியைக் கொடுத்திருக்கிறேன். கடிதம் வந்தால் பிரித்துப் பார்த்துவிட்டு உடனே தந்தி அடி. வேலை கிடைத்தால் செண்டாயில் வீடு எடுத்து அப்பாவை அங்கே அழைத்துக்கொள்கிறேன். நீயும் கொஞ்சம் மூச்சு விடலாம்.

உன் அக்கா,
மிட்சுயோ


மட்சுமோட்டோ
11 ஜூன் 1974

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதமாக எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஏப்ரல் தொடக்கத்தில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. உனக்குத் தந்தி அடிக்க வேண்டாம் என்று அவரே சைகை காட்டினார். இப்போது ஆபத்து இல்லை. வலது காலும் கையும் வரவில்லை, பேச்சு குழறுகிறது, கண்ணில் பாதிப் பார்வை போய்விட்டது. படிக்க முடியாது. உன் கடிதங்களை நான்தான் படித்துக் காட்டுகிறேன். பழைய கடிதங்களையும் கேட்கிறார். விருந்தில் நீ தேநீர் போட்ட கடிதம் இதுவரை ஒன்பது முறை.

ஓகிஹாரா நாகோயாவுக்கு மாற்றலாகிப் போய்விட்டார். வழியனுப்பப் போனேன். அவ்வளவுதான்.

செண்டாயிலிருந்து பதில் எதுவும் வரவில்லை. ஆறு வருடம் வெளிநாட்டில் இருந்த பெண்ணை இங்கே யார் எடுக்கப்போகிறார்கள், அக்கா? நீ அதை நம்பி அங்கே இருப்பதை விட்டுவிடாதே. பெயர் பின்னால் வரும். ஐரோப்பாவில் ஓர் அருங்காட்சியகத்தில் இருப்பது எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

அப்பாவைப் பற்றிக் கவலைப்படாதே. நான் இருக்கிறேன்.

கினுகோ


கென்ட்
19 ஜனவரி 1975

அன்புள்ள கினுகோ,

அப்பாவின் கால் பரவாயில்லை என்று நீ எழுதியது ஆறுதலாக இருந்தது. நீ தனியாகத் தூக்கிப் படுக்க வைக்கிறாய் என்பதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. வந்துவிடவா என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறேன், வேண்டாம் என்றே எழுதுகிறாய்.

செண்டாயிலிருந்து ஒரு வரி மறுப்பாவது வரும் என்று டிசம்பர் வரை பார்த்தேன். நானே எழுதிக் கேட்டிருக்கலாம். நமக்கு அந்தப் பழக்கம் இல்லையே. பதில் சொல்லவில்லை என்றால் அதுதான் பதில் என்று வளர்த்துவிட்டார்கள். சென்ற வாரம் டாக்டர் ஹெய்லன் ஐந்து வருட ஒப்பந்தத்தை நீட்டினார். கீழைப் பிரிவு மட்டும் என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. கையெழுத்துப் போடாவிட்டால் பிப்ரவரியோடு அனுமதிச் சீட்டு முடிகிறது. போட்டுவிட்டேன்.

பெட்டிகளுக்கு வெளிச்சம் ஆகாது என்று மூன்று அறைகளின் சன்னல்களையும் பலகை அடித்து மூடியிருக்கிறார்கள். குளிர்காலத்தில் நான் உள்ளே போகும்போதும் இருட்டு, வெளியே வரும்போதும் இருட்டு. காவலாளிகள் என்னை மேடம் ஜப்பான் என்கிறார்கள். அன்பாகத்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சீட்டு வாங்கிக்கொண்டு பார்வையாளராக மேல் மாடிக்குப் போகிறேன். சென்ற வாரம் அன்னாள் பீடத்தின் முன்னால் நின்றிருந்தேன். பக்கத்தில் ஒரு மூதாட்டி, நல்ல தொப்பி, நல்ல மனசு. என்னைப் பார்த்ததும் நிறுத்தி நிதானமாக, குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னாள்: "இது அன்னாள். மரியாளோட அம்மா. இந்தப் பலகையை வரைஞ்சது வேற ஆளு, இடக்கைக்காரன். இப்பத்தான் கண்டுபிடிச்சிருக்காங்க. புரியுதா?" விளக்க அட்டையைப் பார்த்துத்தான் சொன்னாள். அதில் இருந்தது என் வாக்கியம். ஒரு கால்புள்ளிகூட மாறவில்லை.

"புரிந்தது, நன்றி" என்றேன். அவளுக்கு ரொம்பத் திருப்தி. என் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

இதையும் அப்பாவுக்குப் படிக்காதே. அவருக்கான தாளில் ஆற்றில் பனி உறைந்ததைப் பற்றி எழுதியிருக்கிறேன்.

அக்கா


கென்ட்
27 செப்டம்பர் 1976

கினுகோ,

சென்ற வாரம் கொலோன் நகரில் ஒரு கருத்தரங்கு. அரக்குப் பொருள் பற்றிப் பேச என்னை அனுப்பினார்கள். இடைவேளையில் நம் ஊர்க்காரர் ஒருவர் என் பெயர்ச் சீட்டைப் பார்த்துவிட்டு வந்து குனிந்து வணங்கினார். செண்டாயின் பேராசிரியர் நிஷிவாக்கி.

"நீங்கதான் ஹிராபயாஷியா? உங்க முப்பது பக்கத்தை நாங்க எல்லாரும் படிச்சோம். நீங்க வர முடியாதுன்னு எழுதினதுல எனக்குத்தான் பெரிய ஏமாற்றம். ஆனா அந்தக் கடிதத்துல எவ்வளவு மரியாதை. 'என் பணி ஐரோப்பாவில் இருக்கிறது, அதைப் பாதியில் விட்டு வருவது முறையல்ல'ன்னு எழுதியிருந்தீங்க. மாணவர்களுக்குப் படிச்சுக் காட்டினேன்."

"ஆமாம், அப்போது சூழ்நிலை அப்படி" என்றேன். அந்த இடத்துக்கு வேறொருவரை எடுத்து இரண்டு வருடம் ஆகிறதாம். இனி பதினைந்து வருடத்துக்கு அங்கே இடம் காலியாகாது என்று அவரே சொன்னார். கருத்தரங்கில் என் முறை வந்தபோது எழுந்து போய் அரக்குப் பெட்டிகளைப் பற்றிப் பேசினேன். நன்றாகப் பேசினேன் என்றார்கள்.

அந்தக் கடிதம் என்றைக்கு வந்தது? பதிலை எழுதியது நீயா? ஏன்?

மிட்சுயோ


மட்சுமோட்டோ
18 அக்டோபர் 1976

அக்கா,

நான்தான் எழுதினேன்.

பத்து நாளாக இதை எழுதிக் கிழிக்கிறேன். அப்பாவின் உடல்நிலையால் குழம்பிவிட்டேன் என்று ஒரு தாள் எழுதினேன். உன் நல்லதுக்காகச் செய்தேன் என்று ஒரு தாள். இரண்டும் பொய். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

1974 ஏப்ரல் 26, வெள்ளிக்கிழமை. அலுவலகத்தின் பின்னால், தண்ணீர்த் தொட்டிகளுக்குப் பக்கத்தில், ஓகிஹாரா இரண்டரை வருடத்துக்குப் பிறகு அடுத்த வாக்கியத்தைச் சொன்னார். "நாகோயாவுக்கு மாத்திட்டாங்க. நீங்களும் வந்தீங்கன்னா நல்லா இருக்கும்." அப்பா படுத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. "அப்பாவை யார் பார்ப்பா?" என்றேன். "உங்க அக்கா வரமாட்டாங்களா?" என்று கேட்டார். அப்போது நான் அவரிடம் நிமிர்ந்து நின்று சொன்னேன், அக்கா: "எங்க அக்கா சாதாரண ஆள் இல்ல. அவ அங்க செய்ற வேலையை வேற யாரும் செய்ய முடியாது. அவளை இங்க இழுக்கக் கூடாது." அவர் தலையைக் குனிந்துகொண்டு, "புரியுது" என்றார். ஆப்பிள் கொண்டுவந்திருந்தார். அதையும் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

மே 17 அன்று, வேலை உனக்குத்தான் என்று செண்டாயின் கடிதம் வந்தது. மூன்று வாரம். அது மூன்று வாரம் முன்னால் வந்திருந்தால் நான் தெருவில் ஓடிப்போய் உனக்குத் தந்தி அடித்திருப்பேன். ஓகிஹாராவிடமும் வருகிறேன் என்று சொல்லியிருப்பேன்.

அவருக்கு அப்போதே எழுதியிருக்கலாமே என்று கேட்பாய். எழுதினேன். மே 18. அவர் அக்காள் பதில் போட்டாள், நாகோயாவில் வேறு இடத்தில் பேசி முடித்துவிட்டார்களாம். அவர் என் விஷயத்தைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் வேகமானவர் போலிருக்கிறது.

அதற்குப் பிறகுதான் உன் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். நீ வரப்போகிறாய். வந்து, செண்டாயில் வீடு எடுத்து, அப்பாவை அழைத்துக்கொள்ளப்போகிறாய். நான் மூச்சு விடலாமாம். எதற்காக விட்டேன் எல்லாவற்றையும்? நீ அங்கே இருப்பதற்காக. நீ வந்துவிட்டால் நான் விட்டதெல்லாம் ஒன்றுமில்லாமல் போய்விடும் என்று தோன்றியது. நீ அங்கே கஷ்டப்படுகிறாய் என்று எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். தெரியும். நாற்பத்திரண்டு பெட்டிகளைப் பற்றி நீ எழுதியிருந்தாய். தெரிந்துதான் செய்தேன்.

அப்பா தூங்கும்போது அவர் மேசையில் உட்கார்ந்து எழுதினேன். நல்ல தாள், நல்ல மை. கடைசியில் கையெழுத்துக்குப் பதிலாகக் குடும்ப முத்திரையைக் குத்தினேன். அதில் ஹிராபயாஷி என்று மட்டும்தானே இருக்கிறது, எந்த ஹிராபயாஷி என்று இல்லையே. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் கடிதமும் பொய்யாகிவிடும். எழுதும்போது எனக்குச் சுகமாக இருந்தது. என் வாழ்க்கையில் ஒரு பதவி வேண்டாம் என்று மறுத்தது அன்று மட்டும்தான்.

தபால்பெட்டியில் போட்ட பிறகு நடந்தே வீட்டுக்கு வந்தேன். வந்து பார்த்தால் அப்பா விழித்திருந்தார். "மிட்சுயோ... கடிதாசி... வந்துச்சா?" என்றார். பழைய கடிதத்தை எடுத்துப் படித்தேன்.

தினமும் கேட்கிறார், நீ எப்போது வருவாய் என்று. அவருக்கு ஒன்றும் தெரியாது. சொல்லவேண்டும் என்றால் நீயே சொல், நான் அதையும் படித்துக் காட்டுகிறேன். திட்டி எழுது. எதையாவது எழுது.

கினுகோ


கென்ட்
1 டிசம்பர் 1976

அன்பும் மரியாதையும் நிறைந்த அப்பாவுக்கு,

வணக்கம். தங்கள் உடல்நிலை சீராக இருக்கும் என்று நம்புகிறேன். மலைகளில் இந்நேரம் பனி இறங்கியிருக்கும். கால்களை மூடிக்கொண்டு உட்காரவும்.

இங்கே எல்லாம் நன்றாக நடக்கிறது. கீழைப் பிரிவில் உள்ள பொருள்களுக்கு நான் தயாரித்த பட்டியல் வசந்தகாலத்தில் புத்தகமாக வருகிறது. முகப்பில் என் பெயர் இருக்கும் என்று இயக்குநர் எழுதியே கொடுத்திருக்கிறார். சென்ற மாதம் கொடையாளர்கள் விருந்தில் மறுபடி தேநீர் போட்டேன். அறுபது பேர் வந்திருந்தார்கள். இப்போதெல்லாம் கால் மரத்துப்போவதில்லை. ஒரு கொடையாளரின் மனைவி என்னிடம் வந்து, "உங்களை மாதிரி ஒருத்தர் இல்லாம இந்த இடத்தை நினைச்சே பாக்க முடியல" என்றாள். என்னாலும் முடியவில்லை.

நான் எப்போது வருவேன் என்று தினமும் கேட்கிறீர்கள் என அறிந்தேன். என் ஒப்பந்தம் 1980 வரை இருக்கிறது, அப்பா. அதன் பிறகும் புதுப்பிப்பார்கள். இங்கே என் பணி இருக்கிறது, அதைப் பாதியில் விட்டு வருவது முறையல்ல. நீங்கள் பெருமைப்படும்படி நடந்துகொள்வேன்.

இனி ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில் தங்களுக்கு எழுதுகிறேன். கடிதம் தங்கள் பெயருக்கே வரும். வேறு யாருக்கும் தனித் தாள் இருக்காது. தங்களுக்குக் கண் சிரமப்படுவதால் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்கவும். ஒரு வரியும் விடாமல் படிக்கச் சொல்லவும்.

கினுகோவை விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள மகள்
மிட்சுயோ